சூடு ஆறாத அரக்கு

சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

டெல்வரேன் குடும்பம் என்றால் லண்டனில் தெரியாதவர்கள் கிடையாது. தாத்தா மந்திரி. அப்பா பிரபுக்கள் சபையில். சித்தப்பா செப்டிமஸ் பாரசீகத்தில் தூதராக இருந்தவர். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டுப் பதவிக்குப் புறப்படுகிறவன் ஒரு கடிதம் எழுதி, குடும்ப மோதிரத்தால் அரக்கில் ஆந்தை முத்திரை பதித்து, நூலக மேஜையின் இழுப்பறையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அவன் செத்தால்தான் பிரிப்போம். அதுவும் அப்பா கையால்.

1911 நவம்பர் 16, வியாழக்கிழமை. என் தம்பி ஜாஸ்பர் கெய்ரோவுக்குப் புறப்படும் நாள்.

மணி 3.40. நூலகத்துக்குள் போனேன். கணப்பு மூட்டவில்லை, மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. ஆனாலும் அரக்கு உருகிய வாசனை அடித்தது. என்னிடமிருந்த சாவியால் இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே ஒரு கடிதம். விரல் பட்டது... சுட்டது. அப்பாவின் சாவியை வாங்கி ஜாஸ்பர்தான் கடிதத்தை வைத்திருப்பான் என்று நினைத்துப் பூட்டிவிட்டு வந்தேன்.

4.05. வாசலில் குதிரை வண்டி. ஜாஸ்பர் என் காதோரம் குனிந்தான்.

"அக்கா, நான் லெட்டரே எழுதல. சாகப் போறவன் மாதிரி உக்காந்து எழுத என்னால முடியாது. அப்பாகிட்ட போட்டுக் குடுத்துடாதே."

"அப்போ... உள்ள இருக்கறது?"

"எது? சும்மா பயமுறுத்தாதே கானி. 4.32க்கு ரயில்."

வண்டி கிளம்பிவிட்டது.

ஓடினேன். சாவி கை நழுவி இரண்டு முறை விழுந்தது. டக்... டக்... திறந்தேன். அரக்கு இன்னும் சூடு ஆறவில்லை. அதில் ஆந்தை வலப்பக்கம் பார்த்தது.

இப்போதிருக்கும் மோதிரத்தின் ஆந்தை இடப்பக்கம் பார்க்கும். வலப்பக்கம் பார்ப்பது பழைய மோதிரம். தெஹ்ரானில் காலராவில் போன சித்தப்பாவின் விரலிலிருந்து அதைக் கழற்ற முடியவில்லை. மோதிரத்தோடுதான் புதைத்தார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்பு!

கடிதத்தோடு அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, இதைப் பிரிங்க!"

"உன் தம்பி செத்துட்டானா?"

"இல்ல..."

"அப்ப எடுத்த இடத்துல வை."

திரும்பி வந்தேன். மேஜைமேல் கத்தி இருந்தது. ஒரு கீறல் போதும். பாழாய்ப்போன குடும்ப மானம்... கை எழவில்லை.

4.32. தூரத்தில் ரயில் ஊதியது.

தினமும் தொட்டுப் பார்த்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள்... சூடு ஆறவே இல்லை.

செவ்வாய் அதிகாலை. தூக்கம் வராமல் அந்த மேஜைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். 6.10.

என் விரலுக்கு அடியிலேயே அரக்கு ஜில்லிட்டது.

கல்லாக இறுகியது.

மறுநாள் தந்தி. பிஸ்கே விரிகுடாவில் கப்பல் மூழ்கியது. செவ்வாய் காலை 6.10.

அப்பா பிரித்தார். படித்தார். என்னிடம் நீட்டினார்.

சித்தப்பாவின் கையெழுத்து. இரண்டே வரி.

"கானி, அரக்கு சூடா இருக்கும்போதே பிரிச்சுடு.

ஜாஸ்பரைக் கப்பல் ஏற விடாதே."