நாற்பத்தொரு ராணிகளும் ஒரு கையெழுத்தும்

மெழுகு தன் வாழ்க்கையில் ஜெயித்தவற்றை வரிசையாகச் சொன்னால்: ஏழு வயதில் வந்த மஞ்சள் காமாலை. ஒரே வாரத்தில் எண்பது கொட்டு வாங்கித் தலையணை மாதிரி வீங்கிய இடது கை. "பொம்பளைக்கு எதுக்குத் தேன்பெட்டி" என்று கேட்ட புருஷன் வீட்டார். புருஷன் போன பிறகு வீட்டைக் காலி செய்யச் சொன்ன மைத்துனர். கடைசியாக, மூன்று வருட வறட்சி. அதில் தேனீ வளர்ப்போர் சங்கத்துப் பதினேழு பேரில் பதினைந்து பேரின் பெட்டிகள் காலியாகிப் போயின. மெழுகின் பன்னிரண்டில் பதினொன்று பிழைத்தன.

பள்ளிக்கூடம் இந்தப் பட்டியலில் சேராது. அம்மா படுத்த படுக்கையானபோது வீட்டோடு ஒருவர் இருக்க வேண்டியிருந்தது. அண்ணன் ஆறாவது வரை போனார். தங்கை மெழுகு ஒன்றாவதோடு நின்றாள்.

விரல் இடுக்கில் எந்நேரமும் தேன்மெழுகு ஒட்டியிருந்ததால் மெழுகு என்ற பெயரை வைத்தவர் அண்ணன்தான். அவர் தையற்காரர். சட்டையின் உள்பக்கத்தில்கூடப் பிசிறு விட மாட்டார். பஸ்ஸில் முன்னால் நிற்பவர் காலரில் நூல் தொங்கினால் கை பரபரக்கும். தங்கையைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் அளவெடுக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். "அவ பூச்சிங்க பிழைச்சது அதிர்ஷ்டம் இல்லைங்க. நம்ம கறுப்புத் தேனீ பூ குறைஞ்சா முட்டையைக் குறைச்சிடும். இருக்கிறதை வெச்சு ஒப்பேத்தும். அந்த மஞ்சள் வெளிநாட்டு ராணி இருக்கே, பஞ்சத்துலயும் பிள்ளை பெத்துக்கிட்டே இருக்கும். கையைத் தூக்குங்க."

வறட்சி முடிந்ததும் சங்கம் கூடியது. வெளிநாட்டு ராணிகளை மொத்தமாக வரவழைக்கலாம் என்றார் செயலாளர். அவரிடம் முன்பே மஞ்சள் தேனீக்கள்தான்; மூட்டை மூட்டையாய்ச் சர்க்கரை கரைத்து ஊற்றி வறட்சியைத் தாண்டவைத்தவை. மெழுகு எழுந்து ஒரு பூக்காலம் பொறுக்கச் சொன்னாள். நாற்பது உள்ளூர் ராணிகளைத் தானே வளர்த்துத் தருவதாகச் சொன்னாள். சரி, ஒரே ஒரு பூக்காலம் என்று ஒத்துக்கொண்டார்கள். ராணிகள் தேறினால் ராணி வளர்ப்பவர் பதிவேட்டில் அவள் கையெழுத்துப் போடலாம்.

"கைநாட்டுதான் வைப்பேன்" என்றாள் அன்று வீட்டுக்கு வந்து.

"வாயை மூடு" என்றார் அண்ணன். துணி வெட்டும் பழுப்புக் காகிதத்தை விரித்து, அளவுச் சுண்ணக்கட்டியால் ஐந்து எழுத்து எழுதினார். மெழுகு என்று அல்ல, அப்பா வைத்த பெயரை. கடை சாத்திய பிறகு தினமும் முக்கால் மணி நேரம். மூன்றாவது எழுத்தின் சுழி மட்டும் இரண்டு மாதம் படியவில்லை.

"அண்ணே, இது முட்டையை விட்டு வெளிய வராத புழு மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். நீயும் அப்படித்தான் இருந்தே."

ராணியை வளர்ப்பது பெரிய வித்தையில்லை. ஒருநாள் வயதுப் புழுவை நுனி வளைந்த குச்சியால் எடுத்து, மெழுகுக் கிண்ணத்தில் வைத்துத் தேனீக்களிடம் விட்டால், அவை ஊட்டி ராணியாக்கிவிடும். கலியாணம்தான் கஷ்டம். ராணி வானத்தில் பறந்துதான் ஆண்தேனீக்களோடு சேரும். யாரோடு என்று நாம் சொல்ல முடியாது. செயலாளர் வீட்டு மஞ்சள் ஆண்கள் மெழுகு வீட்டிலிருந்து அரை மைலில் பறந்துகொண்டிருந்தன. அதனால் மெழுகு ஐந்து மைல் தள்ளி, கைவிட்ட கல்குவாரியில் நான்கு பெட்டிகளை வைத்து, அவற்றில் உள்ளூர் ஆண்களைப் பெருக்கினாள். ஆண்கள் பறக்கத் தயாராகும் நாளும் ராணிகள் பறக்கும் நாளும் ஒன்றாக வரும்படி விரல்விட்டு எண்ணி, வீட்டுப் பெட்டிகளில் ராணிப் புழுக்களையும் விட்டாள்.

இது எதுவும் அண்ணனுக்குத் தெரியாது. மெழுகுக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது, "குவாரில நாலு பெட்டி இருக்கு, சர்க்கரைத் தண்ணி மட்டும் ஊத்திட்டு வாண்ணே" என்றுதான் சொன்னாள்.

பத்தாம் நாள் அவள் வீடு திரும்பியபோது, அண்ணன் மூடி போட்ட வாளி ஒன்றோடு வாசலில் காத்திருந்தார்.

"என்னண்ணே இது?"

"தண்ணி ஊத்தத் திறந்தேன். உள்ள ஒரே மேடு பள்ளமா, குண்டு குண்டா ஆண் அடை. செயலாளர் கூட்டத்துல சொன்னாரே, ஆணுங்க வெட்டிச் சோறு, நறுக்கி எறியணும்னு. நாலு பெட்டியும் சுத்தம் பண்ணிட்டேன். ஒரு பிசிறு இல்ல."

மெழுகு மூடியைத் திறந்து பார்த்தாள். வெள்ளைப் புழுக்கள், கண் மட்டும் கறுத்த கூட்டுப்புழுக்கள். ஒன்றிரண்டு கால்களை அசைத்தன. வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். உதடு அசைய எண்ணினாள்.

"புதுசா ஆணு வளர்ந்து பறக்க முப்பத்தாறு நாள் ஆகும்ணே. பொண்ணுங்க இன்னும் பதினொரு நாள்ல பறந்துடும். பொறந்து மூணு வாரம் தாண்டினா அப்புறம் சேராது."

"நான் என்ன பண்ணிட்டேன்?" என்றார் அண்ணன். கேட்கும்போதே புரிந்துவிட்டது.

"நீ நல்லாத்தான் வெட்டியிருக்கே" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசவேயில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அண்ணன் பலநாள் நினைத்தார்.

வெட்டில் தப்பிய ஆண்கள் கொஞ்சம் இருக்கும் என்ற நப்பாசையில், தன் பெட்டிகளின் தேனீக்களையெல்லாம் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, தேறிய நாற்பத்தொரு ராணிகளையும் குவாரிக்குக் கொண்டுபோனாள். பறந்த வாரத்தில் இரண்டு நாள் மழை. அதில் ஒன்று வெறும் தூறல். ஒன்பது ராணிகள் திரும்பவில்லை. ஆறு ஒழுங்காக முட்டையிட்டன. மற்ற இருபத்தாறும் துணை சேராமலே முட்டையிட்டன. அப்படி இடும் முட்டையில் ஆண்தேனீ மட்டும்தான் பிறக்கும். அந்தப் பெட்டிகள் வேலை செய்ய ஆளில்லாமல் ஒவ்வொன்றாக ஒழிந்தன.

பூக்காலம் முடிந்து சங்கம் மண்டபத்தில் கூடியது. ஆண் புழுக்கள் மட்டுமே இருந்த அடை ஒன்றை மெழுகு கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். செயலாளர் அதைத் திருப்பிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, வாய்தான்.

"ஏம்மா, மாப்பிள்ளையே இல்லாத ஊர்ல போயா பொண்ணுங்களைக் குடிவெச்சே?"

சிரிப்பு எழுந்தது. பின்வரிசையில் அண்ணன் பாதி எழுந்தார். மெழுகு திரும்பாமலே, "மழைங்க" என்றாள். "பறக்கிற வாரம் மழை புடிச்சுக்குச்சு."

"உள்ளூர்ப் பூச்சி உள்ளூர் மழையைத் தாங்காதா?"

"இந்தத் தடவை தாங்கல."

நான்தான் வெட்டினேன் என்பது இரண்டே சொல். பாதி எழுந்த அண்ணன் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

வெளிநாட்டு ராணிகளுக்கான விண்ணப்பம் கைமாறி வந்தது. பதினாறு பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. மிச்சமிருந்த ஆறு ராணிகளால் பெட்டிகளை நிரப்ப முடியாது. அவற்றின் மகள்களும் அடுத்த வருடம் மஞ்சள் ஆண்கள் நிறைந்த வானத்தில்தான் பறக்க வேண்டும். தன் பங்குக்குப் பத்து என்றாள் மெழுகு. செயலாளர் கைநாட்டுக்கு மைப்பெட்டியைத் திறந்து நகர்த்தினார்.

மெழுகு அதை ஓரமாகத் தள்ளினாள். "பேனா குடுங்க. கத்துக்கிட்டேன், வீணாப் போக வேண்டாம்."

காகிதத்தை நேராக வைத்தாள். அண்ணன் சொல்லித்தந்தபடி இடது கையால் ஓரத்தை அழுத்திப் பிடித்தாள். ஐந்து எழுத்தும் கோட்டை விட்டு விலகாமல் வந்தன. மூன்றாவது எழுத்தின் சுழிகூட. மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் இருந்தபடியே அந்தக் கை நகர்வதை ஒவ்வோர் எழுத்தாகத் தொடர்ந்த அண்ணனுக்கு, அதன் கீழே செயலாளர் குறித்த தேதி இன்றும் மனப்பாடம்: 2016, மே 12, வியாழக்கிழமை.