ஹவாய் இளவரசியும் மிளகாய்த்தூளும்

அனஸ்ரேசியாவுக்கு இளவரசிப் பட்டம் கிடைத்தது நோர்வேக்கு வந்த முதல் மாதத்தில். ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு வருசப் படிப்புக்கென்று வந்தவள் அவள். தீவில் பிறந்து படிக்கக் கடல் கடந்தவள் என்றதும், ஆசிரியைக்கு ஹவாய் இளவரசி ஒருத்தியின் நினைப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பப்பட்டவளாம். அவள் ஊர் திரும்புமுன் ராச்சியமே பறிபோய்விட்டதாம். அன்றிலிருந்து வகுப்புக்கே இவள் இளவரசி. அனஸ்ரேசியாவும் சேர்ந்து சிரித்தாள். அடுத்தவள் கதைக்குச் சிரிப்பது சுகம்தானே.

ஒரு வருசத்துக்குக் காணும், போதும் என்று அம்மா மிளகாய்த்தூள் கட்டி அனுப்பியிருந்தா. தூள் முடியுமுன் தீவுக்குள் சண்டை வந்தது. சனம் இடம்பெயர்ந்தது. பிறகு அப்பா போனார், அம்மாவும் போனா. இரண்டு செத்தவீட்டுக்கும் அவளால் போக முடியவில்லை. ஒஸ்லோவில் முதியோர் இல்லத்து வேலை, ஞானரட்ணத்தோடு கலியாணம், பியோர்ண்டாலில் வீடு, பிந்திப் பிறந்த ஒரே மகள் யூலியா என்று காலம் ஓடிவிட்டது. அந்த இளவரசி கதை மட்டும் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது.

யூலியாவுக்குப் போலந்தில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தபோது சொந்தமெல்லாம் கேக் வெட்டியது. தாய்க்குச் சோறு இறங்கவில்லை.

"அந்த இளவரசியும் படிக்கத்தான் போனவள்," என்றாள்.

"அம்மா, எங்கடை மூண்டறை வீட்டை ஆர் வந்து பிடிக்கப்போகினம்? பிளேன் ஏறினா ரெண்டு மணித்தியாலத்திலை இஞ்சை நிப்பன்."

நியாயம்தான். ஆனால் பயத்துக்கு எங்கே நியாயம் விளங்குகிறது?

பயந்தாலும் கை சும்மா இருக்குமா? வீட்டுத் தீ அலாரம் அலற அலற மிளகாய் வறுத்தாள். வெளிநாடு படிக்கப்போகும் பிள்ளைக்குத் தூள் இல்லாமல் எந்தத் தாய் பெட்டி கட்டுவாள்? புறப்படும் அன்று ஞானரட்ணம் பெரிய பார்சலைப் பெட்டிக்குள் அமத்திவிட்டு நிமிர்ந்தார்.

"பிள்ளைக்கு ஒரு வருசத்துக்குக் காணும்."

அன்று அம்மா சொன்ன அதே சொல். அனஸ்ரேசியா குனிந்து பார்சலை வெளியே இழுத்தாள். குசினிக்குப் போய், கழுவி வைத்திருந்த சின்ன ஜாம் போத்தலில் கொஞ்சம் தூளைக் கொட்டி, இறுக்கி மூடிக்கொண்டு வந்தாள்.

"உது டிசம்பரிலை வாற நத்தார் மட்டும்கூடக் காணாதப்பா!" என்றார் ஞானரட்ணம்.

"காணக்கூடாது." போத்தலை மகளின் கையில் வைத்தாள். "முடிய, வந்து எடு."

யூலியா போத்தலைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

"ஓம் அம்மா. எல்லாத்துக்கும் அள்ளிப் போட்டுக் கெதியா முடிக்கிறன்."