இன்சார்ஜ் ஆவதற்குத் தைத்த ரவிக்கை

பட்டுப் பிரிவில் நிற்கிறவளுக்கு, ஒரு கூட்டம் படியேறி வரும்போதே யார் கல்யாணப் பெண், யார் அவளுடைய அம்மா, யார் கையில் முடிவு, யார் ஏசிக்கும் டீக்கும் துணைக்கு வந்தவர் என்று தெரிந்துவிட வேண்டும். வாயைத் திறந்து கேட்டால் அவள் தொழிலுக்குப் புதுசு என்று அர்த்தம். நான் சிதம்பரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மாடியில் நிற்கிறேன். பேர் தனலட்சுமி, கடையில் தனம். ஆளைப் பார்த்ததும் அளந்துவிடுவேன் என்று கடை முழுக்க எனக்குப் பேர். அந்தப் பேர் எப்படிச் சந்தி சிரித்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். உங்களுக்கு வர வேண்டிய இடத்தில் வேறு யாராவது வந்து நின்று, அவர் நடந்தாலும் தும்மினாலும் உங்களுக்கு வயிறு எரிந்திருந்தால், வாங்க, இப்படி உட்காருங்க. நாம ஒரே கட்சி.

பச்சைப் புடவை

எங்கள் கடையில் விற்கிற பெண்கள் எல்லோருக்கும் மெரூன் கலரில் ஒரே யூனிஃபார்ம் புடவை. இன்சார்ஜ் ஆகிவிட்டால் மட்டும் சொந்தப் புடவை கட்டிக்கொள்ளலாம். ஊருக்கெல்லாம் கலர் பார்த்து எடுத்துக் கொடுக்கிற நான், வருஷக்கணக்காய் அந்த மெரூனில்தான் நிற்கிறேன். பழைய இன்சார்ஜ் ராமலிங்கம் அண்ணன் வேலையை விட்டுப் போகிறார் என்றதும், அடுத்தது தனம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். பச்சையில் கடுகுமஞ்சள் பார்டர் போட்ட காட்டன் புடவை ஒன்றை எடுத்து, ரவிக்கையும் தைத்து வைத்துவிட்டேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் புவனகிரி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார்.

அந்த வாரத்தில் ஒருநாள், கடை திறந்த சூட்டோடு ஒரு பெண் தனியாகப் படியேறி வந்தாள். கண்ணாடி, ஒல்லி உடம்பு, தேய்ந்த செருப்பு, தோளில் துணிப்பை. பட்டு எடுக்க யாரும் தனியாக வர மாட்டார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்த கேஸ் என்று அளந்துவிட்டேன். பூனம், சிந்தெடிக் எல்லாம் கீழே இருக்கும்மா என்று கையைக் காட்டினேன். அவளும் தலையை ஆட்டிவிட்டு மறுபேச்சில்லாமல் இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு மேலே வந்தார்.

"தனம், இவங்க எஸ்தர். நம்ம கடலூர் கடையிலேருந்து வந்துருக்காங்க. இனிமே பட்டுக்கு இவங்கதான் இன்சார்ஜ்."

படிக்கட்டு மேடம்

என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு சின்னவள். ஏதோ டிகிரி படித்திருக்கிறாளாம். முதல்நாளே சொந்தப் புடவை, அதுவும் நீலத்தில். அந்த நீலத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் பீரோவில் இருக்கிற பச்சை கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். வாயில் மேடம், மனசில் அவள், இவள்தான். எழுதும்போது மட்டும் என்ன மரியாதை, அவள்தான்.

இன்சார்ஜ் என்றால் கவுண்ட்டருக்குள்ளே வந்து நாலு புடவையை உதறிக் காட்ட வேண்டாமா? இவள் வரவே மாட்டாள். படி முடிகிற இடத்தில் கைப்பிடிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். வருகிறவர்களை வாங்க என்பாள், போகிறவர்களிடம் ஏதோ கேட்பாள். நான் திரும்பிப் பார்த்தால் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆகா, நம்மை வேவு பார்க்கத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். என் பக்கத்துக் கவுண்ட்டரில் நிற்கிற கலா அதற்கு மேலே போனாள்.

"அக்கா, எவ எத்தன வாட்டி தண்ணி குடிக்கப் போறான்னு அது எண்ணிக்கிட்டு நிக்குது."

ஸ்டூல்

ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் கவுண்ட்டருக்குள்ளே உயரமான ஸ்டூல்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்துகொள்ளலாம், மேடம் கேட்டு வாங்கியது என்றார்கள். முதல் ஸ்டூலை என் இடத்தில்தான் போட்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. உனக்கு வயசாகிவிட்டது, உட்கார் என்று ஊரறியச் சொல்கிறாள் என்றுதானே அர்த்தம்? நான் உட்காரவே இல்லை. ஆடித் தள்ளுபடி முழுக்க நின்றேன். கால் வீங்கிக் கொலுசு இறுகியது, அப்போதும் நின்றேன்.

மற்றவர்கள் எல்லாம் நன்றாக உட்கார்ந்தார்கள். மானம் ரோஷம் எல்லாம் எனக்கு மட்டும்தான் போல. எனக்காகக் கலாவாவது உட்காராமல் இருப்பாள் என்று நினைத்தேன். அவள் என் காலைப் பார்த்தாள், என் ஸ்டூலைப் பார்த்தாள்.

"நீங்க உக்காரலன்னா பரவால்லக்கா. அத இந்தப் பக்கம் தள்ளுங்க, நான் கால வச்சிக்கிறேன்."

என் சொத்து

இந்தத் தொழிலில் எங்களுக்கென்று இருக்கிற சொத்து, பேர் சொல்லிக் கேட்டு வருகிற வாடிக்கைதான். தனம் இருக்காளா என்று கீழேயே கேட்டுவிட்டு மேலே வருவார்கள். அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் ஒரு புரொபசரம்மா உண்டு. அவருடைய பெரிய பெண் கல்யாணம், வளைகாப்பு, பேரன் முதல் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் என் கையால்தான் புடவை. ஒருநாள் நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வந்திருக்கிறார். திரும்பி வந்து பார்க்கிறேன், எஸ்தர் என் கவுண்ட்டருக்குள்ளே நிற்கிறாள்! புரொபசரம்மா கையில் பில் போட்ட பை. என்னைப் பார்த்ததும் எஸ்தர் திருடி மாதிரி நழுவிப் படிக்கட்டுக்குப் போய்விட்டாள்.

நான் இருக்கும்போது உள்ளே காலே வைக்காதவள், நான் அந்தண்டை போனதும் என் ஆளையே வளைத்துவிட்டாளே என்று எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. சிரித்த முகமாக, என்னம்மா எடுத்தீங்க என்று கேட்டேன். அந்தம்மா என்னைவிடச் சந்தோஷமாகச் சிரித்தார்.

"உன்ன மாதிரி மலையாட்டம் பிரிச்சுப் போடல தனம். இந்தப் பொண்ணு மூணே மூணுதான் எடுத்து வச்சா, அதுல ஒண்ணு எனக்குப் புடிச்சிருச்சு."

அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. இனிமேல் இந்தக் கடை எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

கடலூரில் ஒரு விசாரணை

கடலூரில் வேறொரு ஜவுளிக்கடையில் பட்டுக்கு இன்சார்ஜ் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வார லீவில் பஸ் ஏறிவிட்டேன். பச்சைப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனேன். முதலாளி நன்றாகத்தான் பேசினார். எங்கே வேலை, மேலே யார் என்றெல்லாம் கேட்டார். எஸ்தர் பேரைச் சொல்லும்போதே நாக்கு கசந்தது. விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார். கிடைத்த மாதிரிதான் என்று அளந்துகொண்டேன்.

வந்தது வந்தோம், எஸ்தர் வண்டவாளத்தையும் தெரிந்துகொண்டு போவோம் என்று, அவள் முன்பு இருந்த எங்கள் கடலூர்க் கடைக்கும் போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. வாடிக்கைக்காரி மாதிரி ஒரு புடவையைப் புரட்டிக்கொண்டே, இங்கே எஸ்தர் என்று ஒரு பெண் இருக்குமே என்றேன். எடுத்துக் காட்டிய பெண்ணின் பேர் பரிமளா. எஸ்தரோடு ஒன்றாக வேலை பார்த்தவளாம். அவள் வாயிலிருந்து நாலு கெட்ட வார்த்தை வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"அது பாவம்க்கா, டெய்லி போன் பண்ணி பொலம்புது. அங்க தனம்னு ஒருத்தவங்க இருக்காங்களாம். கஸ்டமரெல்லாம் அவுங்க பேரச் சொல்லித்தான் வராங்களாம். அவுங்க எதிர்ல புடவய ஒதறவே இதுக்குக் கை வரலயாம், படிக்கட்டாண்டயே நிக்குதாம். அவுங்க நின்னா ஆளு மல மாதிரி தெரியறாங்க, உக்காந்தாவாவது பயம் தெளியும்னு ஸ்டூல் வேற கேட்டு வாங்குச்சாம்."

பெண்ணாடத்துக் கல்யாணம்

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. வேவு என்று நினைத்தது பயம். என் வயசைக் குத்திக் காட்டுகிறது என்று நினைத்த ஸ்டூலும் பயம். நான் இவளைப் பார்த்து எரிந்துகொண்டிருந்த நேரமெல்லாம் இவள் என்னைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பாவம், பயந்தாங்கொள்ளிப் பெண் என்று புதுசாக ஒரு முறை அளந்து வைத்தேன். ஆனால் வேலையை விடுவதில் மாற்றமில்லை. பயந்தாங்கொள்ளியாக இருந்தாலும் இன்சார்ஜ் அவள்தானே, மெரூன் எனக்குத்தானே.

அடுத்த முகூர்த்தத்துக்குப் பெண்ணாடத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது. கரும்பு போடுகிறவர்கள், முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த பெரிய கூட்டம். முன் வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை. சிவப்புதான் வேண்டும், நல்ல ரத்தச் சிவப்பு என்று அவர்தான் பேசினார். முடிவு இந்தம்மா கையில் என்று அளந்து, கடையில் இருக்கிற சிவப்பையெல்லாம் இறக்கினேன். பெண் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டியது, எதையும் கையால் தொடவில்லை. பின்னால் யாரோ வேற கடை பார்க்கலாமா என்று முணுமுணுத்தார்கள்.

அப்போது எஸ்தர் படிக்கட்டை விட்டு வந்தாள். நான் இருக்கும்போதே கவுண்ட்டருக்குள்ளே நுழைந்தாள். புடவை எடுக்கிற மாதிரி என் பக்கத்தில் குனிந்து, பெண் படியேறி வரும்போது அதன் அப்பாவிடம் சிவப்பு மட்டும் வேண்டாம் என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டு வந்தது, கடைசி நாற்காலியில் துண்டோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் அப்பா என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே ஓர் அடி தள்ளி நின்றாள். ஜனங்கள் படியேறும்போதுதான் உண்மையைப் பேசுவார்கள் என்று இத்தனை வருஷம் கவுண்ட்டரிலேயே நின்ற எனக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தவள் இவள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்காத மாதிரி இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கேட்டால் பேர் அவளுக்கு. கேட்காவிட்டால் கல்யாணம் பக்கத்துக் கடைக்கு.

மேல் தட்டிலிருந்து மாம்பழ மஞ்சளில் சிவப்பு பார்டர் போட்ட பட்டு ஒன்றை இறக்கினேன். அது அங்கே இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அத்தையைத் தாண்டிப் போய், கடைசி நாற்காலியில் இருந்தவர் மடியில் விரித்தேன். அவர் மகளைப் பார்த்தார். பெண் முதல் முறையாகக் கையை நீட்டி முந்தானையைத் தொட்டது. அத்தை எழுந்து வந்தார், செத்தோம் என்று நினைத்தேன். அவர் பார்டரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் அப்பலேருந்து இந்தச் செவப்பத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன்."

மடிப்பு

வேன் போனபிறகு பிரித்துப் போட்ட சிவப்பையெல்லாம் மடிக்க வேண்டும். எஸ்தரும் எதிர்முனையைப் பிடித்தாள். முனைக்கு முனை சேர்த்து ரெண்டு பேரும் மடித்துக்கொண்டிருந்தோம். அவள் மடிப்பு நன்றாகத்தான் இருந்தது, என் மடிப்பு அளவுக்கு இல்லை. நான் கடலூர் போய் வந்ததை இவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாவம், பயந்த பெண், நான் போனால் இந்தக் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பாள் என்றுகூட நினைத்தேன். அவளே ஆரம்பித்தாள். அந்தக் கடலூர் முதலாளி என்னைப் பற்றி விசாரிக்க இவளுக்குத்தான் போன் பண்ணினாராம். எனக்குக் கை நின்றுவிட்டது. என்ன சொன்னே என்று கேட்டேன், மேடம் எல்லாம் வாயில் வரவில்லை. அவள் மடிப்பை முடித்து, அட்டையில் வைத்து, தட்டில் அடுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"வேல நல்லா தெரியும், ஆனா வாய் ஜாஸ்தி, யாருக்கும் அடங்க மாட்டாங்க, வேணாம்னு சொல்லிட்டேன்க்கா. நீங்க போய்ட்டா இந்த மாடில நான் யாரப் பாத்துக் கத்துக்கறது?"

வந்த ஆத்திரத்தில் காது அடைத்துவிட்டது. அவளைப் பயந்தவள் என்று வேறு அளந்து வைத்திருந்தேனே! என் நாற்காலியை முதலில் ஒரு தடவை எடுத்தாள், இப்போது கடலூரில் கிடைக்க இருந்ததையும் தட்டிவிட்டாள். பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டு, மூச்சு வாங்குகிற வரைக்கும் அவளைத் திட்டினேன். அவள் எதிரில் நின்று, மிச்சம் இருந்த சிவப்பைத் தனியாக மடித்துக்கொண்டே கேட்டாள். திட்டி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது, என்னை விடமாட்டேன் என்று இதுவரை யாரும் இப்படிப் பொய் சொல்லிப் பிடித்து வைத்ததில்லை. வாய் ஜாஸ்தி என்பது பொய்யில்லை என்று வீட்டுக்காரர் சொல்கிறார், அது வேறு விஷயம். மறுநாளிலிருந்து அவள் பாதி நேரம் கவுண்ட்டருக்குள்ளே நிற்கிறாள், நான் பாதி நேரம் படிக்கட்டில் நிற்கிறேன்.

ஆளைப் பார்த்ததும் அளந்துவிடுவேன் என்று பெருமை பேசித் திரிந்த நான், இப்போது எஸ்தரை மட்டும் தினமும் காலையில் புதிதாக ஒரு தடவை பார்த்துவைக்கிறேன், அன்றைக்கு அவள் கட்டியிருக்கும் புடவையை வயிற்றெரிச்சலோடு பார்த்த பிறகுதான்.