பிடுங்காமல் ஒரு கள்ளிப் படம்

கள்ளியைப் படம் எடுக்கும் தொழிலில் முள் குத்தினால் பிளாஸ்டர் போட்டு ஆற்றிவிடலாம், ஆட்கள் செய்கிற காரியத்துக்குத்தான் மருந்து கிடையாது.

வாரத்தில் ஆறு நாள் நான் பெரியநாயக்கன்பாளையத்துக் கம்பெனிகளின் பம்புசெட்டுகளைத் துடைத்து வைத்து, விற்பனைப் புத்தகத்துக்குப் படம் எடுக்கிறவள். அது சோறு போடுகிறது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் காங்கேயம், தாராபுரம் பக்கத்து வறண்ட காடுகளுக்குக் கிளம்பிவிடுவேன். ஒரு கல்லூரிக்காரர்கள் நம் வறட்டுப் பூமியின் கள்ளிகளுக்கு ஒரு கையேடு போடுகிறார்கள். படங்கள் என் பொறுப்பு. அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். செடி முளைத்த இடத்திலேயே, யார் கையும் படாமல் இருக்க வேண்டும். தொட்டியில் வைத்தது, கொண்டுபோய் நட்டது எதுவும் ஆகாது. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! செடிக்காகவோ பூச்சிக்காகவோ வெயிலில் குப்புறக் கிடந்து பழகிய சக பாவிகளே, உங்களிடம்தான் இதையெல்லாம் கொட்ட முடியும்.

டவர் போட வந்தவள்

தாராபுரம் போகும் வழியில் ஒரு கொறங்காடு. ஆடு மாடு மேய்வதற்கென்று வேலி கட்டி விட்ட நிலத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போகலாம் என்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் ஆளே இல்லை. சரியென்று கிளுவை வேலி ஓரமாக ட்ரைபாடை ஊன்றினேன். அதுவரை எங்கே இருந்தாரோ, மொபெட்டில் ஒருவர் வந்து இறங்கினார். பெயர் சென்னியப்பன், நிலம் அவருடையது. காட்டுக்கு நடுவில் மின்சார டவர் போட அளவெடுக்க வந்திருக்கிறேன் என்று முடிவே செய்துவிட்டார். "வண்டிச் சாவியக் குடுத்துப்போடுங்க" என்று மரியாதையாகக் கேட்டு, மரியாதையாகப் பிடுங்கியும் கொண்டார்.

அரை மணி நேரம் உச்சி வெயிலில் நின்றேன். எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. கடைசியில் காமிராவைத் திறந்து, அன்று காலையில் வேறு காட்டில் எடுத்த நாற்பது படங்களையும் ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டினேன். ஒரே கள்ளி, நாற்பது பக்கத்திலிருந்து. பொறுமையாகப் பார்த்து முடித்துச் சாவியைத் திருப்பித் தந்தார்.

"டவர்க்காரன்னாக்கூட அதுல ஒரு நாயம் இருக்குதுங்க. இதுல என்னங்க அம்மணி நாயம் இருக்குது?"

குழந்தைகள் இருக்கும் வீடு

காந்திபுரத்தில் ஒரு கண்காட்சியில் என் சப்பாத்திக்கள்ளிப் படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். மஞ்சள் பூ, பின்னாலிருந்து வெயில், ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாக மினுங்கும். அந்த வெயில் அந்த இடத்தில் விழுவதற்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். புது வீடு கட்டியிருந்த ஒருவர் வந்து அந்தப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். வரவேற்பறைச் சுவர் முழுக்க வருகிற மாதிரி பெரிதாக வேண்டும் என்றார். சந்தோஷத்தில் அப்போதே அளவு குறிக்க நோட்டை எடுத்துவிட்டேன். பிறகு அவர் மேலே பேசினார்.

"படம் அருமைங்க. அந்த முள்ள மட்டும் கம்ப்யூட்டர்ல அழிச்சுக் குடுத்துருங்க, ஊட்டுல சின்னக் கொழந்தைங்க இருக்குதுங்க."

பேக்ரவுண்டு

ஒரு கரட்டின், அதாவது சின்னப் பாறைக் குன்றின், மேல் இரண்டு ஆள் உயரத்துக்குச் சதுரக்கள்ளி ஒன்று நின்றது. போன மாதம் போனால் இடுப்பு உயரத்தில் ஒரு ஆண் பெயர், ஒரு பெண் பெயர், நடுவில் இதயம். கத்தியால் கீறியிருந்தார்கள். பால் வடிந்து காய்ந்து, பிசின் மாதிரி தண்டோடு ஒட்டிக் கிடந்தது. அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கீறியவர்கள் கண்ணில் பட்டிருக்கக் கூடாதா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். பொய் சொல்வானேன், நினைத்தேன்.

விசாரித்தால், கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியை நிற்க வைத்து எடுக்கும் படத்துக்காகச் செய்த வேலை அது. எடுத்தவன் வேற்று ஆளும் இல்லை, முகூர்த்த நாட்களில் கல்யாணப் படம் எடுக்க என்னோடு சேர்ந்து வேலை பார்க்கிற பிரபுதான். போனில் பிடித்து, வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவனுக்கு நான் எதற்குக் கத்துகிறேன் என்பதே புரியவில்லை.

"பேக்ரவுண்டு சும்மாதானக்கா இருந்துச்சு, அதான் பேரு போட்டோம்."

மூட்டை

கள்ளிமுளையான் என்று ஒன்று இருக்கிறது. விரல் தடிமனில் நான்கு பட்டையாக, முள்ளில்லாமல், புதருக்கு அடியில் ஒதுங்கி வளரும். பூ அரக்கு நிறம், நாற்றம் ஈயை இழுக்கும். ஆடு மேய்ப்பவர்கள் பசிக்குப் பிடுங்கித் தின்பார்கள், அதனால் ஒன்றும் குறைந்ததில்லை. இப்போது உடம்பு இளைக்கப் பொடி செய்கிறோம் என்று சாக்கோடு கிளம்பியிருக்கிறார்கள். சென்னியப்பன் காட்டை ஒட்டிய புறம்போக்கில் இரண்டு பேர், கடப்பாரையும் கையுமாக, வேரோடு கெல்லி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒற்றை ஆளாக நின்று கத்தினேன். ஒருவர் நிதானமாக மூட்டையின் வாயைக் கட்டிவிட்டுச் சொன்னார்.

"எங்களத் திட்டி என்னங்க ஆகப்போவுது? ஒடம்பு பெருத்தவங்களப் போயித் திட்டுங்க."

வாளி

அதற்கப்புறம் நான் பார்த்த மட்டில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் மிஞ்சியது ஒரே ஒரு கள்ளிமுளையான் குத்துதான், ஒரே வேரில் கிளம்பிய ஒரு சின்னக் கொத்து. அது சென்னியப்பன் கொறங்காட்டில், கிளுவைக்கு அடியில் இருந்தது. டவர் விவகாரத்துக்குப் பிறகு அவர் எனக்கு அண்ணனாகியிருந்தார். மூன்று வருஷமாக அந்தக் குத்தைப் படம் எடுத்து வந்தேன், ஆனால் ஒருமுறைகூடப் பூவோடு கிடைக்கவில்லை. பூ இல்லாத படம் கையேட்டுக்கு உதவாது. "ஏனுங்ணா, பூ விட்டால் உடனே போன் பண்ணுங்க" என்று கெஞ்சியிருந்தேன். மூட்டைக்காரர்களைப் பற்றியும் எச்சரித்து வைத்திருந்தேன்.

கையேடு அச்சுக்குப் போக நான்கு நாள் இருக்கும்போது போன் வந்தது. "அம்மணி, பூ உட்டுருச்சுங்க." பாதிப் பம்புகளை அப்படியே போட்டுவிட்டு, மானேஜர் கத்தக் கத்த ஸ்கூட்டரை எடுத்தேன். மூன்று மணி நேரம். போய்ச் சேர்ந்தால் காட்டுக்குப் போக விடாமல் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். ஃபேனுக்கு நேர் கீழே ஒரு ஸ்டூல். அதன் மேல் நீல பிளாஸ்டிக் வாளி. வாளி நிறையச் செம்மண், அதில் என் கள்ளிமுளையான். செடியில் ஒட்டிய மண்ணெல்லாம் போகக் குழாய்த் தண்ணீரில் கழுவியிருந்தார். பாதிப் பூ உதிர்ந்துவிட்டது. ஸ்டூடியோவில் இருக்கிற மாதிரி பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நான் உட்கார்ந்து எடுப்பதற்கு நாற்காலி வேறு, அதில் தலையணை.

கத்தினேன். வயதில் மூத்தவர், அவர் வீடு, எதுவும் பார்க்கவில்லை. "யாரைக் கேட்டுப் பிடுங்கினீங்க?" என்று நான் போட்ட சத்தத்தில், மோர் கொண்டுவந்த அவர் மனைவி செம்போடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். வேண்டுமானால் பழைய இடத்திலேயே நட்டு வைத்து எடுத்துக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார் சென்னியப்பன். எனக்குத் தெரியுமே என்றேன். அதனால்தான் அழுகையாக வந்தது. அவர் வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

"நீங்கதானுங்க அம்மணி சொன்னீங்க, உட்டு வெச்சா எவனாச்சும் வந்து புடுங்கிட்டுப் போயிருவான்னு. அதான் அவன் வாரதுக்குள்ள நானே புடுங்கியாந்துபோட்டனுங்க."

கையேடு வந்துவிட்டது, அதில் கள்ளிமுளையானுக்குரிய முப்பத்தாறாம் பக்கம் மட்டும் படமில்லாமல் வெறும் எழுத்தாக இருப்பதற்கு ஒரு நல்ல மனுஷரும், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத நானும்தான் காரணம்.