காயாத சாரம்

அக்கா கொடுத்தனுப்பிய பையில் குழந்தைச் சட்டைகளுக்கு அடியில் ஒரு நீலக் கட்டம் போட்ட சாரம் மடித்துக் கிடந்தது. கைலியை எங்கள் பக்கத்தில் சாரம் என்றுதான் சொல்வோம். பிள்ளை பெற்றிருக்கும் எனக்குப் பழைய துணியையா கொடுத்தனுப்புவாள் என்று ஒரு நிமிடம் கோபம்கூட வந்தது. கையில் எடுத்த பிறகுதான் அது அத்தானுடையது என்று தெரிந்தது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது.

அக்காவுக்கு மகள் பிறந்தபோது அத்தான் துபாயில் வேலையில் இருந்தார். குழந்தை கவிழத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு ஒரு மாத விடுப்பு கிடைத்தது. அக்காவும் குழந்தையும் குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் சென்ட் பாட்டிலுக்காகக் காத்திருந்தேன். பெட்டியைத் திறந்தால் முக்கால்வாசி டயப்பர்! "சாரல்ல துணி காயலன்னு அழுதியேட்டி, இந்தா வச்சுக்கோ" என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னார். அவள் அழுததும் நியாயம்தான். ஆனி மாதச் சாரலில் வீடு முழுக்க ஈரத்துணி தொங்கியது. நாற்காலி முதுகு, ஜன்னல் கம்பி, டிவியின் தலை என்று ஓரிடம் பாக்கியில்லை. அம்மா நிம்மதியாகக் கொடியை அவிழ்த்தாள்.

வினையும் அங்கேதான் தொடங்கியது. துணி நனைந்தால் உடனே தெரியும், மாற்றுவோம். மேலே தொட்டால் ஈரமே தெரியாத டயப்பரை அடிக்கடி மாற்ற வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தது. அத்தான் அடியில் கை கொடுத்துத் தூக்கினால் முதுகை வில்லாக வளைத்து அலறியது. "போன்ல பாத்தா சிரிக்கிறா, நேர்ல தூக்குனா அலறுறா. எம் மொகம் அவளுக்குப் பழகுறதுக்குள்ள லீவு முடிஞ்சிரும் போல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அன்று பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டார்.

மறுநாள் டயப்பரைக் கழற்றிய அக்கா அம்மாவைக் கூவி அழைத்தாள். தொடை இடுக்கெல்லாம் செக்கச்செவேலென்று புண்ணாகியிருந்தது. "எல்லாம் நீங்க கொண்டாந்த டயப்பராலதான்" என்று அத்தானைப் பார்த்து அழுதாள். நானாக இருந்தால் பதிலுக்கு ஒரு சண்டை போட்டிருப்பேன். அவரோ, பவுடர் டப்பாவோடு ஓடிவந்த அம்மாவைக் கையமர்த்திவிட்டு ஆட்டோ கூப்பிட்டார்.

தென்காசியில் குழந்தை டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இதுக்குப் போயா இந்த அழுகை?" என்று அக்காவைத்தான் முதலில் தேற்றினார். பவுடர் வேண்டாம், வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றியெடுத்து, இந்தக் களிம்பைத் தடிமனாகப் பூசுங்கள், நனைந்ததும் மாற்றுங்கள், முடிந்தவரை காற்றுப்பட விடுங்கள் என்றார். கொப்புளமோ காய்ச்சலோ வந்தால், இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால், திரும்பக் கூட்டிவரச் சொன்னார்.

அத்தான் வீட்டுக்கு வந்ததும் ஹாலில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியில் சாரத்தை விரித்து, குழந்தையை வெற்றுடம்பாகக் கிடத்திக்கொண்டார். அது நனைக்கும், அவர் பதறாமல் கழுவித் துடைத்துக் களிம்பு பூசுவார், வேறு சாரம் கட்டிக்கொண்டு அதே இடத்தில் உட்காருவார். நனைந்ததைக் கிணற்றடியில் அவரே அலசுவார். மாப்பிள்ளைக்கு நாற்காலி போட்டு உபசரிக்க வேண்டும் என்றிருந்த அம்மாவுக்கு உயிரே போயிற்று.

"அதை வையுங்க மருமகனே, நாங்க அலசுதோம். தெருவுல யாரும் பாத்தா என்ன நெனப்பாவ?"

"எம் மக மூத்திரந்தான அத்தை. அங்கன போயிட்டா எனக்கு இது கெடைக்குமா?"

அவிழ்த்த கொடியை அம்மாவே மறுபடி கட்டினாள். வரிசையாக அத்தானின் சாரங்கள் தொங்கின, ஒன்றும் காயவில்லை. கடைசியில் அப்பாவின் வேட்டி வரைக்கும் வந்துவிட்டார். சிநேகிதர்கள் குற்றாலத்துக்குக் குளிக்கக் கூப்பிட்டு போன் செய்தார்கள். "ஏலே, நான் இங்கனயே நனைஞ்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்று வைத்துவிட்டார்.

மெல்ல மெல்லச் சிவப்பு மங்கியது. ஒரு காலை மடியில் கிடந்த குழந்தை அவர் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு கக்கென்று சிரித்தது. "ஏட்டி, எல்லாரும் வாங்க, சத்தம் போடாம வாங்க. என்னயப் பாத்துதான் சிரிக்கிறா" என்று ரகசியக் குரலில் கூப்பிட்டார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். சில நாளில் விடுப்பு முடிந்தது. அவர் கிளம்பிய அன்று அந்த நீலச் சாரம் காய்ந்திருக்கவில்லை. அதனால்தான் அது அக்காவிடமே தங்கிவிட்டது.

இப்போது என் மகனுக்கு அதே சிவப்பு. செங்கோட்டையில் கடை வைத்திருக்கும் என் கணவர் போனில் எதையெதையோ படித்துப் பயந்துகொண்டிருந்தார். போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவர் மடியில் இந்தச் சாரத்தை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினேன். சற்று நேரத்தில் அத்தானே வீடியோ காலில் வந்தார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் அவர் இன்னும் துபாயில்தான் இருக்கிறார். என் கணவரின் மடியில் விரித்திருந்த சாரத்தைப் பார்த்தார்.

"ஏட்டி, அது காஞ்சிட்டா?"

"காஞ்சிட்டு அத்தான்" என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் என் மகன் அதை நனைத்துவிட்டான். என் கணவர் பதறிப்போய்ப் பிள்ளையை என்னிடம் நீட்டினார்.

"அவகிட்ட குடுத்துராதீங்க தம்பி" என்றார் அத்தான். "நீங்களே தொடச்சு விடுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."