நேராகும் மட்டும்

எழுபதுகளின் நடுவில், வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் என் நெஞ்சைத் திறந்து, சுருங்கிப்போயிருந்த இதய வால்வை விரித்துவிட்டார்கள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் செய்துவைத்த வேலை அது. தூத்துக்குடிக்குத் திரும்பியபோது என்னோடு வந்தவை ஒரு நீளமான தழும்பும் ஒரு குப்பி வெள்ளை மாத்திரையும். மாத்திரை பொடிசு, சட்டைப் பொத்தானில் பாதிகூட இருக்காது. தறிகெட்டு ஓடும் இதயத்தை அதுதான் இழுத்துப் பிடித்து நடக்கவைக்க வேண்டும்.

அந்த மாத்திரைக்கு இரண்டு சட்டம். ஞாயிற்றுக்கிழமை கொடுக்கக்கூடாது. மற்ற நாட்களில், கொடுப்பதற்கு முன் நாடி பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு அறுபதுக்குக் கீழே இருந்தால் அன்றைக்கு மாத்திரை கிடையாது. முதல் சட்டம் என் மாமியாருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "ஆண்டவரே ஓஞ்சிருந்த நாளு. மாத்திரைக்கும் ஓய்வு வேணும்லா" என்றாள். இரண்டாவதுதான் உதைத்தது. நாடி அவள் விரலுக்கு உடனே அகப்படும். ஆனால் எண்ணிக்கை பாதிக்கு மேல் போனால் குழம்பிவிடுவாள். என் வீட்டுக்காரர் தோணியில் கொழும்புக்குப் போய்வருபவர், பாதி நாள் கடலில் இருப்பார். நானே பார்த்துக்கொள்ளலாம் என்றால், என் நாடியைத் தொட்டதுமே பயத்தில் எனக்குக் கை நடுங்கும்.

கடைசியில் மாமி செபமாலையை எடுத்தாள். ஒரு துடிப்புக்கு ஒரு மணி. சிலுவையையும் சேர்த்தால் முழு மாலையும் சரியாக அறுபது. கடிகாரத்தின் நொடி முள்ளை நான் பார்ப்பேன். முள் ஒரு சுற்று வருவதற்குள் மாலையும் முடிந்துவிட்டால் மாத்திரை உண்டு. "மாதா சம்மதிச்சிட்டா. வாயத் தொற" என்பாள்.

இதுவரை சிரிக்கலாம். சிரிக்க முடியாதது மீன் விஷயம்.

எனக்கு ஆபரேஷன் நடந்த அன்று, மாமி ஊரில் மாதா கோயிலில் முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டிருக்கிறாள். 'இவ பொழச்சு வார மட்டும்' என்று நேர்ந்திருந்தால், நான் ரயிலை விட்டு இறங்கிய அன்றே முடிந்திருக்கும். உள்ளூர் டாக்டர் "நாடி கோணலா ஓடுது" என்று சொன்னது அவள் காதிலேயே நின்றுவிட்டது போலும். அதனால் "இவ நாடி நேராகுற மட்டும் மீன் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்தில் நேர்ச்சை என்றால் வாயால் சொன்னதுதான் கணக்கு. மனதில் நினைத்தது செல்லாது.

அவள் சோறு தின்பதே மீனுக்குத் துணையாகத்தான். அப்படிப்பட்டவள் துவையலையும் மோரையும் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். எனக்கு உடம்பு தேற வேண்டும் என்று தினமும் மீன் ஆக்கியதும் அவள்தான். ருசி பார்க்க முடியாதே, உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டிருந்த என்னிடமே கரண்டியை நீட்டி, "உப்பு காணுமா பாருளா" என்பாள். கரைக்கு வந்த மகன், "தவளை தன் வாயால கெட்ட கதைதான்" என்று அம்மாவைக் கேலி செய்வார். எனக்குச் சிரிப்பு வராது. முள்ளெடுத்து வாயில் வைக்கிற ஒவ்வொரு துண்டும் அவள் தட்டிலிருந்து திருடியது போல இருக்கும்.

சில மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது, நாடி எப்போது நேராகும் என்று டாக்டரிடம் கேட்டேன்.

"இனிமே ஆகாதும்மா. நேராக்குற மாத்திரையை ஆஸ்பத்திரியிலேயே குடுத்துப் பாத்துட்டு, ஒத்துக்கலன்னு நிறுத்தியிருக்காங்க. இது ஓட்டத்தைக் குறைக்கும், கோணலை நிமித்தாது. கோணலா ஓடுனாலும் பல காலம் ஓடும். பயப்படாதீங்க."

எனக்கு அது நல்ல செய்திதான். ஆனால் வீடு வரும் வரை மாமியின் தட்டுதான் கண்ணில் நின்றது. நான் உயிரோடு இருக்கும் மட்டும் அவளுக்கு மீன் இல்லை.

பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். நேர்ச்சையை வேறொன்றாக மாற்றித் தரலாம், ஆனால் நேர்ந்தவரே வந்து கேட்க வேண்டும் என்றார். மாமியிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "மாதாகிட்ட குடுத்த வாக்கைச் சாமியார்கிட்ட திருப்பி வாங்கவா?" என்று முறைத்தாள்.

வேறு வழி தெரியாமல், மறுநாள் காலை பொய் சொன்னேன். "மாமி, நாடி நேராயிட்டுன்னு டாக்டர் சொல்லிட்டாரு." மீன்காரியிடம் நல்ல சீலா மீனாகப் பார்த்து அப்போதே வாங்கியும் வைத்திருந்தேன்.

மாமி மாலையை எடுத்தாள். "முள்ளைப் பாரு" என்று என் மணிக்கட்டில் விரலை வைத்தாள். மணிகள் இரண்டு அவசரமாக நகர்ந்தன, ஒன்று தயங்கியது, அடுத்த மூன்று முட்டிமோதிக்கொண்டு போயின. தினமும் அவள் விரல் பழகிய அதே ஓட்டம். மாலை முடிந்ததும் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள்.

"பொய் சொல்லுத. நேராவாதுன்னு எனக்கு எப்பமோ தெரியும்ளா."

"தெரிஞ்சுமா மாமி? அப்பம் சாமியாரைப் பாத்து மாத்திக்கலாம்லா? எனக்காக நீங்க இப்படிக் கெடக்கது எனக்குத் தாங்கல."

மாலையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "நான் மீன் தின்ன அன்னைக்கு ஒன் நெஞ்சு நின்னுட்டுன்னா நான் என்ன செய்வேன்? எம்மவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? கோணலோ நேரோ, ஓடுதுல்லா. பேசாம கெட."

அதுவரை அவள் தன் சொல்லில் மாட்டிக்கொண்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கிருந்த அதே பயம் அவளுக்கும் இருந்திருக்கிறது, கை மட்டும் நடுங்கவில்லை.

அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தாள். ஒரு துண்டு மீன் தொடவில்லை. அவள் போய்ச் சேர்ந்த பிறகும் என் நாடி கோணலாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதையெல்லாம்விட என்னை உறுத்துவது நான் பொய் சொன்ன அன்றைய மத்தியானம்.

அந்தச் சீலாவைத்தான் குழம்பு வைத்திருந்தாள். எனக்கும் மீன் வேண்டாம் என்றேன். "ரெண்டு பேரும் விட்டா மீன்காரி பொழப்பு என்னாவுறது? தின்னு" என்று பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். எதிரே உட்கார்ந்து துவையலைப் பிசைந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு தின்றேன். குற்றவுணர்வில் தொண்டை அடைக்கும் என்று நினைத்தேன். அடைக்கவில்லை. குழம்பு அவ்வளவு ருசியாக இருந்தது. இன்னொரு துண்டு கேட்டேன்.