நெக்ஸ்ட் அமுக்கினால் முதல் பக்கம்

என் தொழிலைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதுவதில்லை என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். பகலெல்லாம் ஆபீஸில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு இங்கேயும் வந்து அதையே புலம்பினால், நீங்கள் பேசாமல் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஆனால் போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து வேறு எதுவும் எழுத வரவில்லை. இந்த ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படுத்திருந்தவர் முருகையா. திருவனந்தபுரத்தில் எங்கள் டீமில் புரோகிராம் எழுதும் மஞ்சுவின் அப்பா. போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். அங்கிருந்து இறங்கி வந்து விதுரா சந்தையில் காய்கறிக் கடை போட்டவர். கடைக்கு வருகிறவர்கள் கத்திரிக்காய் கேட்டால்கூட, மகள் சாஃப்ட்வேரில் இருக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் தராசை எடுப்பாராம்.

கதைக்கு வருகிறேன்.

நகரத்தில் ஒரு பரிசோதனை மையத்துக்கு நாங்கள்தான் வெப்சைட் செய்து கொடுத்தோம். இந்த வருஷ ஆரம்பத்தில் அவர்கள் புதிதாக ஒன்று கேட்டார்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை ஜனங்கள் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும். "வெப்சைட்டுக்குள்ள ஒரு ரிப்போர்ட் வியூவர்... அத்தரதானே?" என்றார் மையத்தின் மேனேஜர், அவ்வளவுதானே என்ற அர்த்தத்தில். கிளையன்ட் 'தானே' என்று முடித்தால் நான் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். எல்லாமே அவர்களுக்குத் 'தானே'தான்!

ரிப்போர்ட் வியூவர் என்பது கடையில் வாங்குகிற மிக்ஸி மாதிரி ரெடிமேட் சாமான். வெப்சைட்டில் ஒரு பெட்டி வரும், அதற்குள் ரிப்போர்ட் தெரியும். மேலே அடுத்த பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி, பக்கத்தில் பிரிண்ட் பட்டன். எங்கள் வெப்சைட் பழைய பாணி — எந்தப் பட்டனை அமுக்கினாலும் சர்வர் முழுப் பக்கத்தையும் முதலிலிருந்து சமைத்து அனுப்பும். அதனால் அதனிடம் ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டும்: ரிப்போர்ட்டை முதல் தடவை மட்டும் ஏற்று, அம்புக்குறியை அமுக்கும்போது மறுபடி ஏற்றாதே. சொல்லாவிட்டால்? 'நெக்ஸ்ட்' அமுக்குவீர்கள். சர்வர் ரிப்போர்ட்டைப் புதிதாக ஏற்றும். முதல் பக்கமே திரும்ப வரும்.

ஒரே ஒரு வரி. மஞ்சு அதை எழுதவில்லை. நாங்கள் யாரும் கவனிக்கவும் இல்லை. எப்படிக் கவனிப்போம்? சோதித்துப் பார்க்க மையத்தில் கொடுத்த மாதிரி ரிப்போர்ட்டுகள் எல்லாமே ஒரு பக்கம். ஒரு பக்கம் என்றால் அம்புக்குறி மங்கிப் போய்க் கிடக்கும், அமுக்கவே முடியாது. பாஸ் என்று போட்டு அனுப்பிவிட்டோம். அதற்கப்புறம் கம்ப்ளெயின்ட்டும் வரவில்லை. பெரும்பாலானவர்கள் கவுன்ட்டரிலேயே பிரிண்ட் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், பிரிண்டில் எல்லாப் பக்கமும் ஒழுங்காக வருகிறது. கம்ப்ளெயின்ட் இல்லையென்றால் வேலை சுத்தம் — எங்கள் தொழிலில் இப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் முருகையாவுக்கு அசதியாக இருந்திருக்கிறது, உடம்பும் இளைத்திருக்கிறது. "அப்பா, ஒரு ஃபுல் செக்கப் பண்ணிருங்க" என்று மஞ்சு சொல்ல, இவர் விதுராவில் இருந்த லேபையெல்லாம் விட்டுவிட்டு, பஸ் பிடித்துத் திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி, மகள் வெப்சைட் போட்ட மையத்துக்கே போயிருக்கிறார். கவுன்ட்டரில் இருந்த பெண் பிரிண்ட் தரட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டா மோளே. எங்க மகள் போட்ட வெப்சைட்டுலயே பாத்துக்கிடுதேன்" என்றாராம். எவ்வளவு பெருமையாகச் சொல்லியிருப்பார் என்று என்னால் யோசித்துப் பார்க்க முடிகிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

முதல் பக்கம் ரத்தப் பரிசோதனை. எல்லாம் நார்மல். இரண்டாம் பக்கம் ஸ்கேன்.

மகளுக்குப் போன் செய்து, "பாத்தேன் மோளே, நல்ல ஜோரா இருக்கு. எல்லாம் நார்மலாக்கும்" என்றிருக்கிறார். அவளும் நிம்மதியாக இருந்துவிட்டாள்.

ஓணம் லீவில் வீட்டுக்குப் போனவள், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாள். டாக்டர் பழைய ரிப்போர்ட் கேட்டார். போனில் திறந்து நீட்டினாள். "ரெண்டாமத்தே பேஜ் காணிக்கு" என்றார் டாக்டர். அம்புக்குறியை அமுக்கினாள். முதல் பக்கம். மறுபடி அமுக்கினாள். முதல் பக்கம். "அண்ணா, அந்த நிமிஷமே எனக்குப் புரிஞ்சுபோச்சு, எந்த வரியை விட்டுட்டேன்னு..." என்று என்னிடம் சொன்னாள். பிறகு பிரிண்ட் பட்டனை அமுக்கி இரண்டாம் பக்கத்தைக் காட்டினாள். சிறுநீரகத்தில் கட்டி, உடனே மேல்பரிசோதனை தேவை என்று அதில் இருந்தது. டாக்டர் நல்ல மனிதர். "குறச்சு நேரத்தே வரான்மேலாயிருந்நோ?" என்று மட்டும் கேட்டாராம். கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா?

வியாழக்கிழமை நான் போனபோது முருகையா தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். நான் மகளுக்கு மேலதிகாரியாம்!

"சாரே, மேல ரெண்டு பக்கம்னு போட்டிருந்திச்சு. நான் பாக்காம இல்ல. ஒரு வாரம் தினமும் அமுக்கிப் பாத்தேன். திரும்பத் திரும்ப ஒண்ணாம் பக்கமே வந்திச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப மஞ்சுகிட்ட சொல்லியிருக்கலாமே? மையத்துக்காவது போன் பண்ணியிருக்கலாமே?"

"அங்க கூப்பிட்டு கேடாயிருக்குன்னு சொன்னா இவ பேருல்லா கெட்டுப்போகும்? இவகிட்ட சொன்னா இவ விஷமிப்பா, மனசு சங்கடப்படுவா. ரெண்டாவதுல டாக்டர் கையெழுத்துதான் இருக்கும்னு விட்டுட்டேன்." கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இதுக்காண்டி இவள வேலையில இருந்து எடுத்துருவியளோ சாரே? மத்தபடி நல்லாத்தான் போட்டிருக்கா. அந்த அம்பு மட்டுந்தான்..."

"அப்பா, ஒண்ணு மிண்டாம, பேசாம இருங்க" என்றாள் மஞ்சு. சத்தமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

வேலைக்கு ஒன்றும் ஆகாது, இது மஞ்சுவின் தப்பு மட்டும் இல்லை, நாங்கள் அத்தனை பேரும் பார்த்துத்தான் அனுப்பினோம் என்று என்னென்னவோ சொன்னேன். அவருக்கு முதல் பாதி மட்டும் போதுமாக இருந்தது. நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். நோயைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

அந்த வரியைச் சேர்த்தாயிற்று. இப்போது நெக்ஸ்ட் அமுக்கினால் இரண்டாம் பக்கம் வருகிறது. மையத்தில் பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் எடுத்து, இரண்டாம் பக்கம் பார்க்காமல் விட்டுப்போனவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். முருகையாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். டாக்டர்கள் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

உங்கள் வேலையில் உங்கள் வீட்டு ஆட்கள் ஒரு குறைகூடச் சொல்வதில்லையா? கொஞ்சம் பயப்படுங்கள்.